படுகளத்தில் எழுந்தவர்கள்

கூத்தில் வேடம் தரித்தவன் மாண்டால் ஒப்பனையைக் கலைத்துவிட்டு வீடு திரும்புவான். நாடகத்திற்கு இவ்வளவு போதும். திரௌபதியம்மன் விழாவிற்குப் போதாது. மாண்டவன் ஊரார் கண்முன் எழுப்பப்பட்டாக வேண்டும். பண்ருட்டி தொடங்கிச் செஞ்சி வரையுள்ள பழைய தென்னார்க்காட்டு ஊர்களில் பாரத விழாவின் உயிர்நிலை இதுவே எனலாம்.

இவ்வட்டாரம் பாரதக் கதைக்கு அயல் அன்று. பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார், திருவதிகையைத் தன்னகத்தே கொண்ட திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர்.

வியாசர் நூலில் அரவான் எட்டாம் நாள் போரில் அலம்புசனால் மடிகிறான். அங்கே களப்பலி இல்லை. 9-ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவில் களப்பலி தமிழுக்குள் வந்துவிட்டது. வில்லியாரோ இரண்டையும் விடவில்லை. பலியான பின்னும் சில நாள் போரைக் காணும் வரம் பெற்று, எட்டாம் நாளில் அரவான் மீண்டும் மடிகிறான். ஒருவனுக்கு இரண்டு சாவு! புலவர் முரணை மறைக்க முயலவில்லை என்பது கருதத்தக்கது. நாட்டார் வழக்கு இன்னும் ஒரு படி மேலே சென்று, வெட்டுண்ட தலையே பதினெட்டு நாளும் போரைக் கண்டது என்றது.

பண்ருட்டிக்கு மேற்கேயுள்ள கூவாகத்தில் சித்திரைதோறும் அந்தத் தலைக்கே திருமணம். கூத்தாண்டவருக்காகத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கையர், தேர் அழுகளம் சேர்ந்ததும் தாலியறுத்து, வளை உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்துவர். அவ்வழுகை நடிப்பா என்று கேட்பவர் அக்களத்தில் நின்றறியாதவர். வைக்கோலாலான உடல் கலைக்கப்படுகிறது. மரத்தாலான தலை கோயிலில் காக்கப்பட்டு, மறு சித்திரையில் மீண்டும் மணமகனாகிறது.

இளம் பாண்டவர் செய்தி இதனினும் வியப்புடையது. உறங்கிய நிலையில் அசுவத்தாமனால் கொல்லப்பட்ட பாஞ்சாலியின் மைந்தர் ஐவரும் மீண்டு வாழ்ந்ததாக இதிகாசம் கூறவில்லை. நெடுநாள் கழித்து, வியாசரின் தவவலிமையால் கங்கையிலிருந்து மாண்டோர் எழுந்து வருகின்றனர். அதுவும் ஓர் இரவுக்கு மட்டுமே. சிற்றூர்ப் படுகளமோ அத்துணைக் கருமித்தனம் காட்டுவதில்லை. அறுவடை முடிந்த வெளியில், மண்ணால் செய்த மாபெரும் துரியோதனன் கிடக்க, சில ஊர்களில் இளம் பாண்டவராக உயிருள்ள மனிதரே பிணம்போல் கிடத்தப்படுகின்றனர். அம்மன் முன்னிலையில் அவர்கள் எழுப்பப்படுவர். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல், திரௌபதி வழிபாடு பற்றி 1988-இலும் 1991-இலும் வெளியிட்ட இரு பெருந்தொகுதிகளில் இச்சடங்குகளை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

நூலில் இல்லாததை ஊர் ஏன் சேர்த்தது? காப்புக் கட்டி நோன்பிருந்து கிடப்பவன் வெறும் நடிகன் அல்லன். ஊராரில் ஒருவனின் மகன். கதையின் சாவை அவன்மேல் விட்டுவைத்து ஊர் கலைந்து போக இயலாது. எனவே பாடல் முடிந்த இடத்திற்கு அப்பாலும் சடங்கு நடக்கிறது. துரியோதனனை மட்டும் எவரும் எழுப்புவதில்லை. அவன் மண் உடல் அவ்வெளியிலேயே கிடக்கிறது.