ஜுலைஜ் முதல் கண்ணாடி வரை: அடுப்படிச் சுவரின் வரலாறு

ஒரு வீட்டின் சிறப்பை எழுதப் புகுவோர் தலைவாசலிலும் தூணிலும் தொடங்கி முற்றத்தோடு முடித்துக் கொள்வது வழக்கம். அடுப்படி வரை சென்று பார்ப்பவர் குறைவு. ஆயினும் ஒரு வீட்டில் மிகுதியான நேரம் ஒருவருடைய கண் பதிந்திருக்கும் சுவர் எது என்று எண்ணிப் பார்த்தால், அது வரவேற்பறைச் சுவர் அன்று; அடுப்புக்குப் பின்னுள்ள இரண்டடி உயரச் சுவரேயாகும். அச்சுவருக்கு ஒரு வரலாறு உண்டு என்பதும், அவ்வரலாற்றில் அரபுமொழிக்கும் அரபுலகக் கைவினைஞர்க்கும் பெரும்பங்கு உண்டு என்பதும், இராஜபாளையத்தில் நம் வீட்டு அடுப்படியைப் புதுப்பிக்க நேர்ந்தபோதுதான் நமக்கே உறைத்தது.

வளைகுடாவில் பணிபுரியும் நம் மகன் அப்பணிக்கெனப் பணம் அனுப்பியதோடு ஒரு படத்தையும் அனுப்பியிருந்தான். அதில் அடுப்புக்குப் பின்னால் ஓடுகள் இல்லை. இணைப்பே இல்லாத ஒரே கண்ணாடிப் பலகை, இரத்தச் சிவப்பு நிறத்தில் ஆடிபோல் மின்னியது. "அத்தா, இதே நிறத்தில் போட்டுவிடுங்கள்" என்றான். நம் இல்லத்தரசியோ படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. முப்பதாண்டுகளாக அச்சுவரின் முன் நின்றவர் அவர். அந்த மௌனத்தின் பொருளை நாம் உணரச் சிறிது காலம் பிடித்தது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். அரபியில் கண்ணாடிக்கு ஜுஜாஜ் என்பது பொதுப்பெயர். கண்ணாடிக் கலங்களைக் கவாரீர் என்பர். இவ்விரு சொற்களும் திருமறையில் இடம்பெற்றவை. அந்நூர் அத்தியாயத்தின் 35ஆம் வசனத்தில் விளக்கைக் காக்கும் கண்ணாடி பேசப்படுகிறது. அந்நம்ல் அத்தியாயத்தின் 44ஆம் வசனத்தில், சுலைமான் (அலை) அவர்களின் மாளிகைக்குள் வந்த ஸபா நாட்டு அரசி, கண்ணாடி பதித்த தளத்தை நீர்த்தேக்கம் என்று எண்ணி ஆடையைச் சற்றே உயர்த்திய நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையிலும் இதற்கு இணையாக ஒரு காட்சி உண்டு. பளிக்கறைக்குள் புகுந்து மறைந்த மணிமேகலையின் உருவம் வெளியே நின்ற உதயகுமரனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒன்றில் கண்ணாடி தன்னை நீராகக் காட்டியது. மற்றொன்றில் மறைக்க வேண்டியதைக் காட்டிக் கொடுத்தது. பளபளப்பான பரப்பு பார்ப்பவர் கண்ணை ஏமாற்ற வல்லது என்பதை இரு மரபும் அறிந்திருந்தன. நிறம் தேர்ந்தெடுக்கப் போகும் எவரும் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது.

இனிச் சுவருக்கு வருவோம். சுட்ட மண்ணோட்டின்மேல் காணும் மெருகு என்பது என்ன? அதுவும் கண்ணாடியே. மணற்கல்லின் பொடியையும் காரச்சாம்பலையும் உருக்கினால் கிடைப்பது கண்ணாடி. அதனையே மெல்லிய படலமாக மண்ணின்மேல் உருகி ஒட்டச் செய்தால் மெருகோடு. மண்ணின் செந்நிறம் அப்படலத்தின் ஊடே தெரியாதிருக்க, அதில் வெள்ளீயச் சாம்பலைக் கலந்து ஒளிபுகா வெண்மையாக்கும் நுட்பம் அப்பாஸியர் காலத்து இராக்கில், 9ஆம் நூற்றாண்டில் சிறந்து விளங்கியது. துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலின் மிஹ்ராபைச் சுற்றி அந்நூற்றாண்டின் மின்மெருகு ஓடுகளை இன்றும் காணலாம்.

ஈரானின் காஷான் நகரம் இக்கலையின் தலைநகராயிற்று. அந்நகரின் குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காஸிம் காஷானி என்பார், ஹிஜ்ரி 700இல், அதாவது கி.பி. 1301இல், மெருகுக்குரிய மூலப்பொருள்களையும் கலக்கும் அளவுகளையும் சூளை முறையையும் விளக்கி எழுதி வைத்தார். நீல நிறத்துக்குரிய கோபால்ட் தாது காஷானை அடுத்த கம்ஸர் என்னும் ஊரில் கிடைத்தது. ஊரின் பெயரே பொருளுக்கும் ஆகி, ஓட்டுக்குக் 'காஷி' என்றும் அவ்வேலைக்குக் 'காஷிகாரி' என்றும் பெயர் வழங்கலாயிற்று. இதைக் கேட்டுக் கங்கைக்கரைக் காசியை நினைப்போர் உளர். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. தக்காணத்தில் பீதர் நகரில் 1472இல் மஹ்மூத் கவான் கட்டிய மத்ரஸாவின் முகப்பில் எஞ்சியிருக்கும் ஓடுகள், அக்கலை நம் தீபகற்பத்தின் நடுப்பகுதி வரை வந்ததற்குச் சான்று.

மேற்கே சென்ற கிளையின் கதை இன்னும் சுவையானது. வழவழப்பு, வழுக்குதல் என்னும் பொருளுடைய 'ஸ-ல-ஜ' என்ற வேரிலிருந்து வந்த சொல் ஜுலைஜ். அல்-ஜுலைஜ் என்பதே ஸ்பானிய, போர்த்துக்கீசிய மொழிகளில் அஸுலேஹோ, அஸுலேஜு என ஆயிற்று. அம்மொழிகளில் நீலத்துக்கு 'அஸுல்' என்று பெயர் இருத்தலால், நீல ஓடு என்பதே அதன் பொருள் என்று பலர் கருதுவர். அது பிழை. நீலத்தைக் குறிக்கும் சொல் 'லாஜவர்த்' என்னும் பாரசீகச் சொல்லின் வழி வந்தது. ஓட்டைக் குறிக்கும் சொல் வழவழப்பின் வழி வந்தது. ஓட்டுக்குப் பெயர் தந்தது நிறமன்று, மெருகே என்பதை இங்குக் கருத வேண்டும்.

கிரனாடாவின் அல்ஹம்ரா மாளிகையில் ஓடுகள் சுவர் முழுவதும் பதிக்கப்படவில்லை. தரையிலிருந்து மனிதன் சாயும், கை படும், நீர் தெறிக்கும் உயரம் வரை ஓடு. அதற்குமேல் நுண்ணிய சுதை வேலை. அழுக்குப் படும் இடத்தில் கழுவத்தக்க பரப்பு, படாத இடத்தில் மென்மையான பரப்பு என்னும் இப்பகுப்பே இன்றைய அடுப்படிச் சுவரின் மூலக் கருத்தாகும்.

அந்தலூசியாவின் வெள்ளீய மெருகு இத்தாலிக்குச் சென்றது. இத்தாலியக் குயவர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை ஆண்ட்வெர்ப் நகருக்குக் கொண்டு சென்றனர். அங்கிருந்து அது ஹாலந்துக்குப் பரவியது. 17ஆம் நூற்றாண்டு ஹாலந்தில் இவ்வெள்ளை ஓடுகள் நடுத்தரக் குடும்பங்களின் கணப்படுப்பைச் சுற்றியும் அடுப்படிச் சுவர்களிலும் பதிக்கப்பட்டன. அவற்றின் நீலச் சித்திரம் சீனப் பீங்கானைப் பார்த்து எழுதியது. சீனப் பீங்கானின் நீலத்துக்கோ தொடக்கக் காலத்தில் பாரசீகத்துக் கோபால்ட் பயன்பட்டது. இவ்வாறு மாளிகைக்கும் பள்ளிவாசலுக்கும் உரியதாயிருந்த மெருகு, பல நூற்றாண்டுப் பயணத்துக்குப்பின் எளிய இல்லத்தரசியின் அடுப்புக்கு அருகில் வந்து சேர்ந்தது.

நம் நாட்டில் நடந்தது என்ன? தமிழகம் கண்ணாடியை அறியாத நாடன்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டின் கண்ணாடி மணிகள் கடல் கடந்து சென்றவை. ஆனால் சுவரின் பளபளப்புக்கு நம்மவர் நாடியது சுண்ணாம்பையே. கிளிஞ்சல் சுண்ணாம்பை நன்கு அரைத்து, முட்டையின் வெண்கரு, தயிர் முதலியன சேர்த்து, மெல்லிய பூச்சுகளாக இட்டு, வழவழப்பான கல்லால் நெடுநேரம் தேய்த்தால் சுவர் சலவைக்கல்போல் ஒளிவிடும். சென்னைச் சுண்ணம் என்று ஆங்கிலேயர் வியந்ததும், செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் மங்காதிருப்பதும் இவ்வேலையே. திருவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் (1623–1659) பெயரால் வழங்கும் அரண்மனைக்குச் சென்று அதன் தூண்களையும் வளைவுகளையும் பார்ப்போர், சுண்ணாம்பும் சுதையும் எத்தகைய வடிவங்களை ஏற்க வல்லவை என்பதை உணர்வர்.

ஆயினும் இம்மெருகு அடுப்படிக்கு வரவில்லை. விறகடுப்பின் புகை எந்த மெருகையும் விட்டு வைக்காது. எனவே நம் பாட்டியார் காலத்து அடுப்படிச் சுவர் கரியே நிறமாக நின்றது. ஆண்டுக்கொரு முறை வெள்ளையடித்தால் சில வாரங்கள் வெளுத்திருக்கும். பின்னர் சிமெண்ட் வந்தது. இராஜபாளையத்துப் பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் 1957இல் தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனம் (இன்றைய ராம்கோ சிமெண்ட்ஸ்) நம் வட்டாரத்தின் கட்டட முறை மாறியதற்கு ஓர் அடையாளம். சிமெண்டுச் சுவர் வலியது. ஆனால் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சிக் கொள்வது. எரிவாயு அடுப்பு வந்து புகை நீங்கியபின், கறையைத் தடுக்க வெள்ளை மெருகோடுகள் வந்தன. புகை போன பிறகே அடுப்படிக்கு நிறம் என்ற ஒன்று வாய்த்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஓட்டுக்கு ஒரு குறை உண்டு. மெருகில் கறை ஏறாது. இரண்டு ஓடுகளுக்கு இடையிலுள்ள பூச்சில் ஏறும். மஞ்சள் புழங்கும் நம் சமையலில் அது விரைவில் பழுப்பாகும். மண்ணை நீக்கிவிட்டு மெருகை மட்டும் பெரிய பலகையாக நிறுத்தினால் இணைப்பும் இல்லை, கறையும் இல்லை. அதுவே இன்றைய கண்ணாடிச் சுவர். உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் சமமான பலகையாக்கும் முறையை 1959இல் பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்தது. 2000ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை தொடங்கியபின் இவ்வகைக் கண்ணாடி தமிழகத்திலேயே உருவாகலாயிற்று. அன்று மெருகில் கலந்து வெண்மை தந்த அதே உலோகம், இன்று பலகைக்கு அடியில் பாத்தியாகக் கிடந்து சமன் தருகிறது.

இக்கண்ணாடியின் நிறம் அதன் முதுகில் பூசும் வண்ணத்திலிருந்து வருவது. ஆகவே நாம் காண்பது வண்ணத்தை அன்று. கண்ணாடியின் ஊடே வரும் வண்ணத்தை. மணலில் உள்ள இரும்பினால் சாதாரணக் கண்ணாடியில் மெல்லிய பச்சைச் சாயல் உண்டு. தூய வெண்மையையோ பாலேட்டு நிறத்தையோ விரும்புவோர், இரும்பு குறைந்த தெளிகண்ணாடியைக் கேட்டு வாங்க வேண்டும்; விலை கூடும். இல்லையேல் வெள்ளை பச்சையோடும். கறுப்பு, சிவப்பு போன்ற அடர் நிறங்களில் அச்சாயல் தெரியாது. ஆனால் அடர்ந்த பளபளப்பில் உப்புநீர்த் துளி காய்ந்த வெண்புள்ளியும் கைரேகையும் விளக்கின் பிம்பமும் தெளிவாகத் தெரியும். அரைமெருகுப் பரப்பு பிம்பத்தை மங்கச் செய்து கண்ணுக்கு இதம் தரும். எனினும் அதன் முகம் சொரசொரப்பாக இருப்பின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கக் கூடுதல் உழைப்பு வேண்டும்.

நிறத்தினும் முதன்மையானது பாதுகாப்பு. நம் உறவினர் ஒருவர் வீட்டில் அழகிய நீலக் கண்ணாடி பொருத்திய சில மாதங்களில், பெரிய பாத்திரத்தில் பிரியாணிக்கு எண்ணெய் காய்ந்து கொண்டிருந்தபோது, அடுப்பின் நேர்பின்னே அது மேலிருந்து கீழ் வரை வெடித்தது. பொருத்தியவர் பதப்படுத்தாத கண்ணாடியைப் பதித்திருந்தார். அருகில் நின்ற மருமகளுக்குக் காயமில்லாமல் போனது இறையருள். கண்ணாடியை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கிக் காற்றால் சட்டென்று குளிர்விப்பதே பதப்படுத்தல். அவ்வாறு செய்த கண்ணாடி வெப்ப வேறுபாட்டைத் தாங்கும். உடைந்தாலும் கூரிய பெருந்துண்டாகாமல் சிறுமணிகளாக உதிரும். பதப்படுத்தியபின் அதனை அறுக்கவோ துளையிடவோ இயலாது; ஆதலால் மின்சொருகிகளுக்கான துளைகளை முன்பே அளந்து கொடுத்துவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் அறிந்தபின் நாம் சிறு மாதிரித் துண்டுகளை வரவழைத்தோம். கடை வெளிச்சத்தில் பார்த்த நிறம் வேறு. அடுப்படிச் சுவரில் செங்குத்தாக நிறுத்தி, காலை ஒளியிலும் இரவு விளக்கிலும் பார்த்த நிறம் வேறு. இரண்டு நாள் கழித்து இல்லத்தரசியிடம் கருத்துக் கேட்டோம். "சிவப்பு போட்டால் ஸஹருக்கு எழுந்து விளக்கைப் போட்டதும் கண் கூசும், புள்ளி துடைக்கிறது யார்?" என்றார். பின்பு இளம்பச்சைத் துண்டைக் காட்டினார். கண்ணாடியின் இயற்கைப் பச்சையோடு பகை கொள்ளாத நிறம் அது. தெளிகண்ணாடிக்குரிய கூடுதல் செலவும் தேவைப்படவில்லை. வீண்விரயத்தைத் தவிர்க்க வேண்டும் என்று மாணவர்க்குப் பாடம் நடத்தும் நமக்கு அது நிறைவளித்தது. மகனும் தாயின் விருப்பம் என்றதும் மறுக்கவில்லை.

கைரவானின் குயவரையும் காஷானின் ஆசிரியரையும் வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. ஹாலந்தின் அடுப்படியிலும் நம் ஊர்க் கரிச்சுவரின் முன்னும் நின்று சமைத்த பெண்டிரை எந்த நூலும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. மெருகின் பயணம் முழுவதும் அவர்களை நோக்கியே வந்திருக்கிறது. ஆகவே அச்சுவரின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, அதற்குப் பணம் கொடுப்பவரைக் காட்டிலும் அதன் முன் நிற்பவருக்கே உரியது என்பது நம் துணிபு.