ரயில்காரர் குரலில் பிறந்த புளூ யோடல்

1927 ஆகஸ்டில், ஒலிப்பதிவுக்கு முந்தைய இரவில், பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸின் குழு உடைந்தது. இசைத்தட்டில் யார் பெயரைப் போடுவது என்று சண்டை. ஊர் பிரிஸ்டல், அதன் பெரிய தெருவின் நடுவிலேயே டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லை ஓடுகிறது. அங்கே ஒரு பழைய தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில், விக்டர் நிறுவனத்துக்காக மலைநாட்டுப் பாடகர்களைத் தேடிப் பதிவுசெய்துகொண்டிருந்தார் ரால்ஃப் பியர். மற்ற மூவரும் தனியாகப் பாடப் போய்விட, 4ஆம் தேதி ராட்ஜர்ஸ் தன் கிதாரை மட்டும் எடுத்துக்கொண்டு போய் இரண்டு பாட்டுப் பாடினார். அதில் ஒன்று யோடல் கலந்த தாலாட்டு. சண்டை வராமல் இருந்திருந்தால் அந்தக் குரலைப் பிடிலும் பாஞ்சோவும் மூடியிருக்கும்.

அந்தத் தட்டு பெரிதாகப் பேசப்படவில்லை. ராட்ஜர்ஸ் அழைப்புக்குக் காத்திருக்கிற ஆள் இல்லை. நேரே நியூயார்க் போய் இறங்கி, பியருக்கு போன் போட்டார். நவம்பர் 30 அன்று நியூஜெர்சியின் கேம்டனில் நான்கு பாட்டுகள் பதிவாயின. அவற்றில் ஒன்றுதான் ‘புளூ யோடல்’.

காதலி ஏமாற்றிவிட்டாள், ஆள் துப்பாக்கி வாங்கக் கிளம்புகிறான். கதை அவ்வளவுதான். மெட்டும் கட்டுமானமும் கறுப்பின மக்களின் புளூஸ். ஆனால் ஒவ்வொரு சரணம் முடிந்ததும் நெஞ்சுக்குரல் சட்டென்று உடைந்து கள்ளக்குரலுக்குத் தாவி, மறுபடி இறங்குகிறது. ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் யோடல் அமெரிக்க நாடக மேடைகளில் வேடிக்கையாக உலவிக்கொண்டிருந்த சரக்குதான். ரைலி பக்கெட் என்ற பாடகர் 1924லேயே யோடல் பாடிப் பதிவு செய்திருந்தார். ஆகவே ராட்ஜர்ஸ்தான் கண்டுபிடித்தார் என்று சொன்னால் அது விளம்பரப் பேச்சு. அவர் செய்தது வேறு: வேடிக்கையை எடுத்து வலி இருக்கும் இடத்தில் வைத்தார்.

புளூஸ் அவருக்குத் தண்டவாளத்தில் கிடைத்தது. மிசிசிப்பியின் மெரிடியனில் வளர்ந்தவர். அப்பா ரயில்பாதைத் தொழிலாளர்களின் மேஸ்திரி. பாதை போட்ட கறுப்பினத் தொழிலாளர்களின் வேலைப்பாட்டு அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அவரும் ரயிலில் பிரேக்மேன் ஆனார். பிறகு அந்தப் பாட்டால் ராட்ஜர்ஸுக்குக் காரும் வீடும் வந்தன. தொழிலாளர்களின் பெயர்கூட எந்தத் தட்டிலும் வரவில்லை. 1930இல் ஒன்பதாவது புளூ யோடலுக்கு டிரம்பெட் வாசித்தவர் ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங். அந்தத் தட்டிலும் அவர் பெயர் இல்லை!

ராட்ஜர்ஸை ரயில் வேலையை விடவைத்தது காசநோய். 1924இல் தெரியவந்தது. மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். ஓய்வெடு, நல்ல காற்றை சுவாசி என்பதுதான் வைத்தியம். கூலிவேலைக்கு உடம்பு ஒத்துழைக்காததால்தான் பாட்டே முழுநேரப் பிழைப்பானது. கெட்டுப்போன நுரையீரலை வைத்துக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டிய யோடலை அவர் விற்றார். 1931இல் தன் நோயையே ‘டி.பி. புளூஸ்’ என்று பாட்டாக்கினார். ரசிகர்களிடம் மறைக்காதது மட்டுமல்ல, அதையும் தட்டாக்கி விற்றார் என்பதில் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

1933 மே மாதம் கடைசிப் பதிவுக்காக மீண்டும் நியூயார்க். ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே படுத்துக்கொள்ள ஸ்டூடியோவில் கட்டில் போட்டிருந்தார்கள். பதின்மூன்றாவதும் கடைசியுமான புளூ யோடலை அந்த நாட்களில்தான் பாடினார். 26ஆம் தேதி டாஃப்ட் ஓட்டலில் இறந்தார். வயது 35. உடல் ரயிலில் மெரிடியனுக்குப் போனது.

தட்டுகள் அதைவிடத் தூரம் போயின. கிஷோர் குமாரின் யோடலைக் கேட்டிருப்பீர்கள். அண்ணன் அனூப் குமார் வைத்திருந்த தட்டுகளில் ராட்ஜர்ஸும் உண்டு. கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடம் கிராமபோன் வழியாகப் போன அந்தக் குரலின் பெயர் ‘செமிரோச்சா’ என்று மருவியது. 1950இல் இசை ஆய்வாளர் ஹியூ டிரேசி அங்கே போய்ப் பதிவு செய்தபோது, இளம்பெண்கள் செமிரோச்சாவைப் பாதி மனிதன், பாதி மான் என்று பாடினார்கள். உடுத்தியிருப்பது கழன்று விழும்வரை எங்களோடு குதித்து ஆடு என்று அவனைச் சீண்டியும் பாடினார்கள்.