பி.கே. பானர்ஜியும் பிந்தி விட்ட நாற்றும்

உலகக் கோப்பைக் கால்பந்து வந்துவிட்டால் எங்கள் அடி அண்ணாமலை டீக்கடையில் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: "நூற்று நாற்பது கோடி ஜனத்துல பந்து உதைக்கப் பதினோரு பேர் கிடைக்க மாட்டாங்களா சார்?" அதற்கு நான் பதில் சொல்ல ஆரம்பித்தால் அவருடைய டீ ஆறிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

1956 டிசம்பர் 7. மெல்போர்ன் ஒலிம்பிக்கில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். ஆடிய நாடுகள் இந்தியாவும் பல்கேரியாவும். 0-3 என்று தோற்றோம். அவர்களுக்கு வெண்கலம், நமக்கு நான்காம் இடம். ஆனால் அதற்கு முன் ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வென்று, ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு என்ற பெயரை வாங்கியிருந்தோம். அந்த அணியில் வலது ஓரத்தில் ஓடியவர் 20 வயது பிரதீப் குமார் பானர்ஜி. ஊர் உலகத்துக்குப் பி.கே.

1936இல் வங்காளத்து ஜல்பைகுரிப் பக்கம் பிறந்து, ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தவர். பதினைந்தாம் வயதிலேயே பீகாருக்காகச் சந்தோஷ் டிராபி ஆடினார். கல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஆகிய மூன்று பெரிய கழகங்களில் எதிலும் அவர் ஆடவில்லை. ரயில்வே உத்தியோகம் பார்த்துக்கொண்டு ஈஸ்டர்ன் ரயில்வே அணிக்கே கடைசிவரை ஆடினார். 1958இல் அந்த அணி கல்கத்தா லீக்கையே வென்றது. அந்த மூவரையும் தாண்டி இன்னொரு அணி அந்த லீக்கை வெல்ல 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என்னைப் போன்ற அரசாங்க குமாஸ்தாக்களுக்கு இந்த ஒரு சேதியே போதும், அவரைப் பிடித்துப்போக!

1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர்தான் கேப்டன். ஆகஸ்ட் 29 அன்று பிரான்ஸ் நாட்டோடு ஆட்டம். அப்போது நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்த சிறுவன். ஊர் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. சட்டப்படி கைமாறியதோ 1962இல்தான். வகுப்பில் பாதிப் பேர் இந்தியா பக்கம், மீதிப் பேர் பிரான்ஸ் பக்கம். பி.கே. கோல் போட்டு இந்தியா முன்னால் போனது. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் சமன் செய்துவிட்டது. 1-1. இரண்டு கட்சிக்காரர்களும் ஜெயித்தது தாங்கள்தான் என்று ஒரு வாரம் சண்டை போட்டோம்.

இரண்டு வருஷம் கழித்து 1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கினோம். ஒரு கோல் பி.கே., மற்றொன்று ஜர்னைல் சிங். கோல் காத்தவர் நம் பீட்டர் தங்கராஜ். நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமென்ட் அணியில் ஆடி உருவானவர். இவர்களையெல்லாம் பழக்கிய ஹைதராபாத் ரஹீம் சாகிப் பள்ளிக்கூட வாத்தியார். புற்றுநோயோடு ஜகார்த்தாவுக்குப் போய்த் தங்கத்தோடு திரும்பியவர், 1963 ஜூனில் காலமானார்.

பி.கே. 1967இல் ஆட்டத்தை நிறுத்தினார். வயது 31. நம்மில் பலர் சர்வீசில் நிரந்தரமான வயது அது. அவருக்கோ ஓய்வு வயது. அதன் பிறகுதான் பயிற்சியாளர் வேலை. 1970 ஆசிய விளையாட்டில் அவர் பயிற்சியில் இந்தியா வெண்கலம் வாங்கியது. அதற்கப்புறம் நம் ஆடவர் அணிக்கு அங்கே பதக்கமே இல்லை. ஈஸ்ட் பெங்கால் 1975இல் மோகன் பகானை 5-0 என்று சாய்த்தபோதும், அதே மோகன் பகான் 1977இல் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு 2-2 என்று நின்றபோதும் பயிற்சியாளர் இவர்தான். ஆட்டத்துக்கு முன் பேசியே பையன்களை உசுப்பிவிடுவார். அந்தப் பேச்சுக்குக் கல்கத்தாவில் 'வோக்கல் டானிக்' என்று பெயர்.

இனி டீக்கடைக் கேள்விக்கு வருவோம். மெல்போர்னில் நம்மை வென்ற பல்கேரியா 1959, 1969, 1974 என்று மூன்று முறை ஐரோப்பிய இளைஞர் கோப்பையை வென்றது. கழகத்துக்குக் கழகம் சிறுவர் பிரிவு வைத்துப் பையன்களை வளர்த்தார்கள். 1994 உலகக் கோப்பையில் ஜெர்மனியை வீழ்த்தி அரையிறுதிக்கு வந்தார்கள். நாமும் சளைத்தவர்கள் இல்லை. அதே 1974இல் பாங்காக்கில் இரானோடு 2-2 சமன் செய்து, ஆசிய இளைஞர் கோப்பையைப் பகிர்ந்துகொண்டோம். ஷபீர் அலி கேப்டன், அருண் கோஷ் பயிற்சியாளர். ஆக, பிள்ளைகள் இருந்தார்கள். வருஷா வருஷம் அடுத்த வரிசையைத் தயார் செய்யும் இடம்தான் இல்லை.

அப்படி ஓர் இடம் ஜாம்ஷெட்பூரில் 1987இல் வந்தது. டாட்டா ஸ்டீல் தொடங்கிய டாட்டா புட்பால் அகாடமி. பின்னாளில் தாம் வளர்ந்த ஊருக்கே திரும்பி, அதன் தொழில்நுட்ப இயக்குநராகப் பொறுப்பேற்றவர் பி.கே. பையன்கள் அங்கேயே தங்கிச் சாப்பிட்டு, படித்து, ஆடிப் பழகினார்கள். மெல்போர்னுக்கும் இதற்கும் இடையில் 31 வருஷம்! ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். நாம் பட்டம் தப்பி நாற்று விட்டோம்.

பிந்தி விட்டாலும் நாற்று வீண் போகவில்லை. பெங்களூர்ப் பையன் கார்ல்டன் சாப்மன் 1990இல் அங்கே சேர்ந்தார். பின்னாளில் இந்தியாவின் கேப்டன் ஆனார். ஆடி முடித்ததும் அதே அகாடமிக்குத் திரும்பிப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2020 மார்ச் 20இல் பி.கே. 83 வயதில் மறைந்தார். அதே அக்டோபரில் சாப்மன் 49 வயதில் போய்விட்டார். இருவரிடமும் பழகிய பையன்கள் சிலர் இன்று எங்கோ ஒரு மைதானத்தில் விசிலோடு நிற்பார்கள்.

நம் பக்கத்தில் பையன் பத்தாம் வகுப்பு வந்ததும் பந்து பரணுக்குப் போய்விடுகிறது. எடுத்துப் போடுவது பெரும்பாலும் தாத்தாக்களாகிய நாம்தான். உங்கள் தெருவில் பழைய ஆட்டக்காரர் ஒருவர் காலையில் நாலு பிள்ளைகளைச் சேர்த்து ஓட விடுகிறார் என்றால், பேரனை, பேத்தியையும்தான், ஒரு மணி நேரம் அனுப்பி வையுங்கள். கணக்குப் பாடம் எங்கும் ஓடிவிடாது. பதினோரு பேர் தானாகக் கிடைப்பதில்லை. பத்து வயதிலிருந்து யாராவது வளர்க்க வேண்டும்.