கறைப் பல்லில் தொடங்கிய கதை

பல் கூசுகிறது என்று பாமசிக்குப் போனால் இப்போதெல்லாம் புளோரைட்டு மவுத் வொஷ் போத்தல் ஒன்றைத் தருகிறார்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டாலே துடித்துப்போகும் நமது வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும் அது ஓரளவு ஆறுதல்தான். ஆனால் அனுராதபுர மாவட்டத்தில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த நாம் அந்தப் போத்தலின் வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் பலரின் பற்களில் தெரியும் அதே மண்ணிறக் கறையில்தான் அது தொடங்குகிறது.

1901இல் பிரெட்ரிக் மெக்கே என்ற இளம் பல் வைத்தியர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கினார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை. வளர்ந்த பின் வந்து குடியேறியவர்களுக்கோ அது இல்லை. காரணம் தேடி முப்பது வருடம் அலைந்த மெக்கே, இன்னொரு புதினத்தையும் கண்டார்: அந்தக் கறைப் பற்கள் இலேசில் சூத்தையாவதில்லை.

1923இல் ஐடஹோ மாநிலத்து ஓக்லி என்ற சிற்றூருக்குப் போனார். வெந்நீர் ஊற்றிலிருந்து புதுக் குழாய் போட்ட பிறகுதான் கறை வந்தது என்று பெற்றோர்களே அவரிடம் சொன்னார்கள். அவருடைய ஆலோசனைப்படி ஊரார் வேறு ஊற்றுக்கு மாறினர். சில வருடங்களில் சிறு பிள்ளைகளுக்குக் கறையில்லாத பற்கள் முளைத்தன. தண்ணீருக்குள் இருந்தது என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது!

1931இல்தான் விடை கிடைத்தது. அலுமினியக் கம்பனி ஒன்றின் இரசாயனவியலாளர் சேர்ச்சில், பொக்சைட் என்ற ஊரின் தண்ணீரில் லீற்றருக்கு 13.7 மில்லிகிராம் புளோரைட்டு இருப்பதைக் கண்டார். (அலுமினியப் பாத்திரத்தின் மீது பழி விழுந்துவிடுமோ என்ற பயமும் கம்பனிக்கு இருந்தது.) பிறகு ட்ரென்ட்லி டீன் ஊர் ஊராக ஒப்பிட்டு, லீற்றருக்கு 1 மில்லிகிராம் அளவில் சூத்தை குறைகிறது, கறையும் பெரிதாகத் தெரிவதில்லை என்று காட்டினார். 1945 ஜனவரி 25 அன்று கிராண்ட் ரெப்பிட்ஸ் நகரம் தன் குடிநீரில் புளோரைட்டைக் கலக்கத் தொடங்கியது. 1960களில் சுவீடன் நாட்டுப் பாடசாலைகளில் பிள்ளைகள் வரிசையாக நின்று புளோரைட்டுக் கரைசலால் வாய் கொப்பளித்தார்கள். இன்றைய போத்தலின் மூத்த உறவு அதுதான்.

கூச்சத்துக்கு இதைப் பாவித்த கதையும் பழையது. 1941இலேயே சோவியத் பல் வைத்தியர் லுகோம்ஸ்கி இதைப் பற்றி எழுதியிருக்கிறார். முரசு இறங்கியோ மிளிரி தேய்ந்தோ பல்லின் உட்பகுதி வெளித்தெரியும்போது, அதிலுள்ள நுண்குழாய்கள் வழியே குளிரும் இனிப்பும் நரம்பை எட்டுகின்றன. புளோரைட்டு அந்த வாய்களில் படிந்து அடைக்கிறது. ஒரு நாளில் நடக்காது, கிழமைக் கணக்காகும். சூத்தையாலோ வெடிப்பாலோ வரும் கூச்சத்துக்குப் பல் வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

இனி நமது பக்கம். உலர் வலயத்துப் பாறைகளிலிருந்து புளோரைட்டு நிலத்தடி நீரில் கரைகிறது. வெயிலில் நாம் குடிப்பதும் அதிகம். அதனால்தான் உலக சுகாதார அமைப்பின் 1.5 மில்லிகிராம் எல்லை நமக்குப் பொருந்தாது, 0.8 போதும் என்று 1992இல் வெளிவந்த இலங்கை ஆய்வொன்று சொன்னது. கறை, பல் முளைக்கும் முன்பே தாடைக்குள் உருவாகிறது. ஏறக்குறைய எட்டு வயதுக்குப் பிறகு புதிதாக வராது. ஆகவே பெரியவர்கள் மவுத் வொஷ்ஷால் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அரை மணி நேரம் எதுவும் உண்ணாமல் இருந்தால் சரி. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அதை விழுங்கிவிடுவார்கள், கொடுக்கவே வேண்டாம். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் புளோரைட்டு போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

சிரிக்கும்போது கையால் வாயை மூடும் பெண்பிள்ளைகளை நாம் வகுப்பில் தினமும் பார்க்கிறோம். “பல் தீட்டுவதில்லையா?” என்று அவர்களிடம் இன்னும் கேட்கிறார்கள், பெண் பார்க்க வருபவர்கள் உட்பட. அது அழுக்கல்ல, குடித்த தண்ணீரின் அடையாளம்.

கிணற்று நீரைப் பரிசோதித்தவர்கள் அளவைக் கீழே எழுதுங்கள், எந்தப் பக்கத்துக் கிணறு என்பதையும் சேர்த்து. ஒரே ஊரிலேயே கிணற்றுக்குக் கிணறு அளவு மாறும்.