தமிழகத்தில் பௌத்தம்

வடக்கே கௌதம புத்தரால் தோன்றிய பௌத்தம், தமிழகத்தில் சமணம், ஆசீவகம், வைதிகம், சைவம், வைணவம் ஆகியவற்றோடு வாதிட்டு வளர்ந்த சமயம். தமிழ், பாலி, வடமொழி ஆகிய மூன்றிலும் தமிழகப் பௌத்தர் நூல் செய்தனர்.

பரவல்

கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டு, அவர் தருமம் பரவிய நாடுகளுள் சோழ, பாண்டிய நாடுகளையும் குறிக்கிறது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புத்ததத்தர் காவிரிப்பூம்பட்டினத்தில் தங்கிப் பாலி நூல்களை இயற்றினார். காஞ்சியில் பிறந்த தருமபாலர் நாளந்தாப் பல்கலைக்கழகத்தின் தலைமை ஆசிரியரானார். 7ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங், காஞ்சி வட்டாரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் சுமார் 10,000 துறவியரும் இருந்ததாக எழுதினார்.

கோட்பாடும் சமய ஒப்பீடும்

சீத்தலைச் சாத்தனாரின் காப்பியமான 'மணிமேகலை', பௌத்தத்தைப் பிற சமயங்களுக்கு எதிரே நிறுத்திக் காட்டுகிறது. வஞ்சி நகரில் சைவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, பூதவாதி முதலியோரின் கொள்கைகளைக் கேட்ட பிறகே காப்பியத் தலைவி மணிமேகலை பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் தருமம் கேட்கிறாள். அவர் உரைப்பது, பேதைமையில் தொடங்கி ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரு சார்புகளின் தொடர். அத்தொடர் அறுந்தால் துன்பம் அறும்.

வேதத்தை ஏற்காமை, கொல்லாமை, மறுபிறப்பு ஆகியவற்றில் பௌத்தமும் சமணமும் ஒன்றுபடும். உயிரைப் பற்றிய கேள்வியில் பிரியும். சமணத்துக்கு உயிர் என்றும் அழியாப் பொருள். வினை அதில் ஒட்டும் நுண்துகள். பௌத்தத்துக்கோ நிலையான ஆன்மா இல்லை. உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐங்கந்தங்களின் சேர்க்கையே மனிதன். எண்ணத்தோடு செய்வதே வினை. எல்லாம் ஊழின்படியே நடக்கும் என்ற ஆசீவகத்தை மறுத்து, முயற்சியால் வீடுபெறலாம் என்றது பௌத்தம். உலகைப் படைத்துக் காக்கும் இறைவனுக்கு அதில் இடமில்லை. சைவ, வைணவ பக்தியோடு மோதியது இங்கேதான்.

சரிவும் மறுமலர்ச்சியும்

7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் தம் பதிகங்களில் சமணரையும் பௌத்தரையும் சேர்த்தே சாடினார். பௌத்தக் காப்பியமான 'குண்டலகேசி'யை மறுக்கச் சமணர் 'நீலகேசி' இயற்றினர். ஆயினும் பௌத்தம் உடனே மறையவில்லை. ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்குச் சைவனான சோழ மன்னன் முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரை அளித்தான். 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் 'வீரசோழியம்' என்னும் இலக்கண நூலைச் செய்தார். பின்னர் மடங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

1898இல் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். சாதி மறுப்பை முன்வைத்த அவர், பௌத்தத்தைத் தாழ்த்தப்பட்டோரின் தொல்சமயமாக விளக்கினார்.