கொடி பிரித்ததும் பாட்டு சேர்த்ததும்: பினாங்கின் பழைய முஹர்ரம் நாட்கள்

நம் சங்கம் பொன்விழா காணும் இவ்வேளையில், சங்கம் என்ற ஏற்பாடே நம் மக்களிடம் எப்படி உருவானது என்று எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். இன்று உறுப்பினர் படிவம், சந்தா ரசீது, ஆண்டுப் பொதுக்கூட்டம் என்று எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பினாங்கில் ஒரு சங்கத்தில் சேர்வதற்குப் படிவம் இல்லை. சத்தியம் இருந்தது. முகவரிக்குப் பதில் கொடி இருந்தது.

1786இல் பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கிய காலத்திலிருந்தே சோழமண்டலக் கரையிலிருந்து நம்மவர் வந்து சேர்ந்தனர். வணிகர், படகோட்டிகள், கூலிகள், நாணயம் மாற்றுவோர் எனப் பலரும் அதில் இருந்தனர். அவர்கள் குடியேறிய இடமே சூலியா தெரு. 1801இல் காதர் முகைதீன் அவர்களின் முயற்சியால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. நாகூர் ஆண்டகையின் நினைவிடமும் அருகிலேயே அமைந்தது. மலாய்ப் பெண்களை மணந்தோரின் சந்ததியினர் ஜாவி பெக்கான் என்று பெயர் பெற்றனர்.

ஊரை விட்டு வந்தவனுக்கு முதலில் தேவைப்பட்டது சோறு அல்ல, துணை. தான் இறந்தால் மையித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு ஜனாஸா தொழவைக்க யார் இருக்கிறார்கள் என்பதே அவனது கவலை. கல்யாணத்துக்குக் கைகொடுக்கவும், மவுத்துக்கு முன்னிற்கவும், முஹர்ரம் ஊர்வலத்தில் தோளோடு தோள் நிற்கவும் கூட்டாளிகள் வேண்டியிருந்தது. இந்தத் தேவையிலிருந்தே வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்ற இரு கூட்டங்கள் வளர்ந்தன. அவற்றில் மலாய்க்காரர்கள், ஜாவி பெக்கான்கள், நம்மவர் எனப் பலரும் இருந்தனர். ஆச்சே தெருப் பக்கம் சிவப்புக் கொடியின் செல்வாக்கு மிகுந்திருந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான சையித் முகம்மது அல்அத்தாஸின் மாளிகை ஆர்மேனியன் தெருவில் இன்றும் நிற்கிறது.

முஹர்ரம் பத்து நாட்களும் இக்கூட்டங்களுக்குப் பெருநாட்களாக அமைந்தன. பகலில் கொடிகளும் ஊர்வலமும். பத்தாம் நாளில் தாபூத் எடுத்தல். பொழுது சாய்ந்தால் போரியா! தெருத்தெருவாகக் குழுக்கள் கிளம்பும். ஒரு குழு அரபியர் வேடத்தில் வரும், இன்னொன்று கப்பல்காரர் வேடத்தில் வரும். முதலில் சிரிக்கவைக்கும் ஒரு சிறு நாடகம். பிறகு பாட்டுத் தலைவர் நான்கடிகளாகப் புதுப்பாட்டு கட்டிப் பாட, பின்னால் வரிசையாக நிற்பவர்கள் பல்லவியைத் திரும்பப் பாடி ஆடுவார்கள். வயலினும் மேளமும் தாளமும் துணையிருக்கும். வசதி படைத்தோர் வீட்டு வாசலில் பாடி அன்பளிப்பு பெறுவார்கள்.

இக்கலை மதராஸ் படைப்பிரிவுச் சிப்பாய்களோடு பினாங்குக்கு வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. தென்னிந்தியாவின் முஹர்ரம் கொண்டாட்டம் கடல் கடந்து வந்து மலாய் மொழியைப் பேசக் கற்றுக்கொண்டது என்று சொன்னால் பொருந்தும்.

ஆனால் அந்த இரவுகளில் இன்னொரு பக்கமும் இருந்தது. ஒரே பள்ளிவாசலில் ஒரே சஃப்பில் நின்று தொழுதவர்கள், வெளியே வந்ததும் வெவ்வேறு கொடிகளின் கீழ் நின்றனர். ஒரு குழுவின் பாட்டு மற்றக் குழுவைக் குத்திக்காட்டும். கேலி கைகலப்பாகும். ஹிஜ்ரி 1284 முஹர்ரம், அதாவது 1867 மே மாதத்தில், இரு கொடியினருக்கும் பகை முற்றியிருந்தது. அதற்குள் சீனரின் பெருங்கூட்டங்களோடு இவர்கள் உறவும் வைத்திருந்தனர். வெள்ளைக் கொடி கீ ஹின் பக்கமும், சிவப்புக் கொடி தோ பே கோங் பக்கமும் நின்றன. அவ்வாண்டு ஆகஸ்டில் ஜார்ஜ் டவுன் பத்து நாட்கள் கலவரத்தில் எரிந்தது. கெனன் தெருவின் பெயரே அந்தக் குண்டுவீச்சின் நினைவு என்பர்.

மையித்தைத் தூக்க ஒன்றுசேர்ந்த கைகள் ஒருவரையொருவர் தாக்க உயர்ந்தன. துணைக்காகச் செய்த சத்தியம், பக்கத்து வீட்டு முஸ்லிமையே எதிரியாக்கியது. இதுவே இந்த வரலாற்றில் நம்மை வலிக்கச் செய்யும் பகுதி.

கலவரத்துக்குப் பின் ஆளுநர் சர் ஹாரி ஓர்ட் ஒவ்வொரு கூட்டத்துக்கும் 5,000 டாலர் அபராதம் விதித்தார். அப்பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு காவல் நிலையங்கள் கட்டப்பட்டன. விசாரணை ஆணையம் அமைந்தது. 1869இல் கூட்டங்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. 1890இல் நடப்புக்கு வந்த சங்கச் சட்டம் இரகசியக் கூட்டங்களைத் தடைசெய்தது. இன்று நம் செயலாளர் ஆண்டுதோறும் சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கை அனுப்புகிறாரே, அந்த வழக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கொடிகள் மறைந்தன. மேடை மறையவில்லை. பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்து ஆடியதைப் பார்த்து, மாமாக் பூஷி என்பவர் 1885இல் பூஷி இந்திரா பங்சாவான் குழுவைத் தொடங்கினார். ‘மாமாக்’ என்ற சொல்லில் நம் தமிழ் ‘மாமா’ ஒலிப்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பங்சாவான் சிங்கப்பூருக்கும் சுமத்திராவுக்கும் ஜாவாவுக்கும் பரவியது. டிக்கெட் வாங்கியவர் எந்தக் கொடிக்காரர் என்று வாசலில் எவரும் கேட்கவில்லை.

போரியாவை எல்லோரும் வரவேற்றார்கள் என்றும் சொல்ல முடியாது. துக்க நாட்களில் வேடமும் ஆட்டமும் மார்க்கத்துக்கு ஏற்றதா என்ற கேள்வி வலுத்தது. முகம்மது யூசுப் பின் சுல்தான் மைதீன் 1922இல் போரியாவின் கேடுகளைக் கண்டித்து மலாய் மொழியில் ஒரு நூலே வெளியிட்டார். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது. காலப்போக்கில் போரியா முஹர்ரத்திலிருந்து விலகித் திருமணங்களுக்கும் போட்டி மேடைகளுக்கும் உரிய பொதுக்கலையாக மாறியது. இன்று பினாங்கின் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

நம் வீடுகளிலும் பழைய படங்கள் இருக்கும். பாட்டனார் தொப்பியுடன் ஏதோ ஒரு விழா மேடையில் வரிசையாக நிற்பார். அந்தப் படத்தின் பின்புறம் பெயர்களை எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். கொடிக் கூட்டங்களில் சேர்ந்த சாதாரண மக்களில் பலருடைய பெயரும் வழக்குமன்ற ஏடுகளில் மட்டுமே மிஞ்சியது. நம் பெயர்கள் நல்ல ஏடுகளில் இருக்கட்டும்.

அன்றைய கூட்டத்தார் மையித்துக்கும் கல்யாணத்துக்கும் துணை நின்ற நல்ல வழக்கம் நம் சங்கத்தில் தொடர்கிறது. அவர்கள் கதவை மூடிச் செய்த சத்தியத்துக்குப் பதிலாக நம்மிடம் யாரும் திறந்து பார்க்கக்கூடிய உறுப்பினர் பதிவேடு இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக அது திறந்தே இருக்கிறது. அடுத்த ஐம்பது ஆண்டுகளும் அது அப்படியே இருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.