காவலுக்குக் காவல் யார்?



இங்கிலாந்திலும் வேல்சிலும் அதுவரை குழுக்கள் கவனித்து வந்த காவல்துறை மேற்பார்வைக்கு, 2012 நவம்பர் 15-இல் 41 ஆணையர்களை மக்களே தேர்ந்தெடுத்தனர். வாக்களித்தோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரே. நியூபோர்ட் நகரின் ஒரு வாக்குச்சாவடிக்கு ஒருவர்கூட வரவில்லை. வேட்பாளர் அறிமுகத் தாள்களை வீடுதோறும் அனுப்ப அரசு செலவிடவில்லை. யாருக்கு வாக்களிப்பது எனப் பலர் அறியவில்லை.

நான் அங்கு வாக்காளராய் இருந்திருந்தால், ‘திருடரைப் பிடிப்பேன்’ என்பவரைத் தேர்ந்திருக்க மாட்டேன். அது ஆணையரின் பணியன்று. வட்டாரக் காவல்துறைத் தலைவரை நியமிப்பது, நீக்குவது, வரவு செலவை வகுப்பது ஆகியவையே அவர் அதிகாரம். எனவே, “தலைவர் தவறினால் என்ன செய்வீர்கள்? பணத்தை எதற்குச் செலவிடுவீர்கள்?” என்ற வினாக்களுக்குத் தெளிவாக விடையளிப்பவருக்கே என் வாக்கு.

இப்பதவியை 2028 மே மாதத்தில் ஒழிக்கப்போவதாக அந்நாட்டரசு 2025 நவம்பரில் அறிவித்தது. வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே, ‘இப்பொறுப்பின் வேலை என்ன?’ என்று கேட்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம்.